கனத்துக்கு ஓர் ஆள்

எங்கள் சொந்தத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இன்றைக்கும் என் அத்தானைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுவார்கள். "அவர மாதிரி ஒருத்தன் கெடைச்சா போரும்" என்பார்கள். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், பெண்டாட்டியை வெயிலில் நிற்கவிடமாட்டார். எல்லாம் உண்மைதான். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இப்போது உயிரோடு இல்லை. செத்த மனுஷனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர் உயிரோடு இருந்தபோதே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மீனில் இருந்து தொடங்கலாம். விருந்துக்கு எங்கே போனாலும் சாளை மீன் குழம்பு வந்தால் அக்காவின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ஒவ்வொரு மீனாக எடுத்து, முள்ளை உருவி, சதையை மட்டும் சோற்றின் மேல் வைத்து, தட்டைத் திரும்பத் தள்ளுவார். "தொண்டையில மாட்டிக்கிட்டுன்னா என்ன செய்வா பாவம்" என்பார். பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களுக்கெல்லாம் நெஞ்சு குளிர்ந்துபோகும். தங்கமான மனுஷன் என்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் எனக்கும் கொஞ்சம் பொறாமைதான். என் வீட்டுக்காரரோ, மீன் வைத்தால் என் பங்குத் தலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிற ஆள்.

ஆனால் ஒன்று. சின்ன வயதில் எங்கள் வீட்டில் அக்கா அளவுக்கு வேகமாக மீன் தின்ன ஆள் கிடையாது. பேசிக்கொண்டே தின்பாள், முள் தானாகக் கடைவாய் ஓரத்தில் ஒதுங்கி வெளியே வரும். கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்து ஒருநாள் தக்கலையில் என் வீட்டுக்குத் தனியாக வந்திருந்தாள். சாளைதான் வைத்திருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னக்கா, காரமா?" என்றேன். "முள்ளு எடுக்க கை வரலட்டி" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். எனக்கு முதல்முதலாக உள்ளே ஏதோ இடித்தது அன்றைக்குத்தான்.

அத்தான் பூதப்பாண்டியில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால் கல்ஃபில் ஒரு வண்டிப் பட்டறையில் ஸ்டோர் பார்த்தவர். மற்றவர்கள் தங்கமும் போர்வையும் கொண்டுவருவார்கள், இவர் ஓர் இரும்புப் பெட்டி நிறைய ஸ்பேனர் கொண்டுவந்தார். வந்ததும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். எந்தப் பட்டறைக்காரனையும் அதைத் தொடவிட்டதில்லை. "அடுத்தவன் கை பட்டாச்சுன்னா பொறவு அது நமக்க வண்டியே இல்ல, கேட்டியா" என்பார். சாவி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். குளிக்கப் போகும்போது சோப்புப் பெட்டியோடு சாவியும் போகும்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். தண்ணீர் மோட்டார் சுவிட்சை அவர்தான் போட வேண்டும். கேஸ் சிலிண்டரை அவர்தான் மாட்ட வேண்டும். காலையில் கடைக்குக் கிளம்பும்போது அடுக்களைக்குள் வந்து கேஸ் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். ஒருநாள்கூட மறந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அக்கா எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். கல்யாணத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். அவளால் கேஸ் குமிழை ஒழுங்காகத் திருக முடியாதாம்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "யாரு வேண்டாம்னா?" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கிற சொல். வேலைக்குப் போகட்டுமா? யாரு வேண்டாம்னா? அம்மா வீட்டில் நாலு நாள் இருக்கட்டுமா? யாரு வேண்டாம்னா? அதற்குப் பின்னால் மழை வரும், காய்ச்சல் வரும், கடையில் ஆள் இருக்காது, வண்டி சரியாக இருக்காது. அவள் வீட்டிலேயே இருப்பாள். சண்டை போடலாம் என்றால் பிடிக்க ஒரு கொம்பு கிடைக்காது அவரிடம்.

இனி வண்டிக்கு வருகிறேன்.

கார்களில் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக்கை ஒன்று உண்டு. ஆர்ம் என்பார்கள். அது வண்டியின் அடிப்பாகத்தோடு சேருகிற இடத்தில் குட்டி உரல் மாதிரி ரப்பர் புஷ் இருக்கும். எங்கள் ரோட்டுக் குழிகளில் அது எத்தனை நாள் தாங்கும்? தேய்ந்துவிட்டால் வேகத்தடை ஏறி இறங்கும்போது டொக்கென்று கேட்கும், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். அத்தான் அந்த டொக்கை வேறு யார் காதுக்கும் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் வண்டி ஜாக்கியில் ஏறும்.

அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. சக்கரத்தைக் கழற்றி, ஆர்மைக் கழற்றி, அதை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் மாட்டி, ஒரு நீளப் போல்ட்டும் வாஷர்களும் வைத்துத் திருகித் திருகிப் பழைய புஷ்ஷை வெளியே தள்ளுவார். புதியதற்குச் சோப்புத் தண்ணீர் தடவி, அதே போல்ட்டால் உள்ளே இழுப்பார். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆர்மைத் திரும்ப மாட்டி போல்ட்டுகளைக் கையாலேயே லேசாகத் திருகி விடுவார். முறுக்கமாட்டார். சக்கரத்தைப் போட்டு, தடித்த பலாப் பலகைகளின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவார், அடியில் படுக்க இடம் கிடைப்பதற்காக. அதற்குப் பிறகு ஒரு சத்தம் கொடுப்பார்: "கனத்துக்கு ஆளு வாங்க!"

அப்போது அந்த வீட்டில் யார் இருந்தாலும் போய் வண்டிக்குள் ஏறி உட்கார வேண்டும். தேங்காய் பறிக்க வந்தவரைக்கூட ஒருமுறை ஏற்றி உட்கார வைத்தார். அக்காவுக்கு எப்போதும் டிரைவர் சீட். "வலதுபக்கம் கனம் சரியா விழணும்" என்பார். நாங்கள் பக்கத்திலும் பின்னாலும். எங்கேயும் போகாத வண்டியில் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அடியில் இருந்து அவர் குரல் வரும். "அசையாதீங்க." கொஞ்சம் கழித்து, "பிள்ளே, ஸ்டியரிங்கத் தொடாத. கைய மடியில வையி." அக்கா இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு நேரே கண்ணாடி வழியாக முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் முறுக்கி முடித்ததும் வண்டியின் அடியில் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்போதுதான் இறங்கலாம்.

ஒவ்வொரு தடவையும் பாடமும் நடக்கும். ஒருமுறை நான்தான் சலித்துப்போய், "வண்டி தூக்கி நிக்கும்போதே முறுக்கிட்டா என்ன அத்தான், இவ்வளவு கூத்து எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அடியில் இருந்து எழுந்து வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்.

"மக்கா, தூக்கி நிக்கும்போது ஆர்ம் கீழ பாத்துத் தொங்கும். அப்பம் முறுக்கினா ரப்பர் அந்த நெலையில பிடிச்சுக்கும். வண்டிய எறக்கினா ஆர்ம் மேல வரும், ரப்பர் முறுகும். காலம்பூரா முறுகியே நிக்கும். நாலு மாசம் தாங்காது, கிழிஞ்சிரும். இது தெரியாமத்தான் பட்டறைக்காரன் எல்லாம் சோலிய கெடுக்கான். கனம் வச்சுத்தான் முறுக்கணும். சாகும்போதும் இத மறக்காத."

நான் மறக்கவில்லை. அது அவருடைய கஷ்டகாலம்.

அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அவளே விண்ணப்பம் போட்டு, அவளே நேர்முகத்துக்குப் போய் வாங்கிய வேலை. பூதப்பாண்டியில் இருந்து நாகர்கோவில் போய் பஸ் மாறிப் போனால் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். காரில் போனால் நிம்மதியாகப் போகலாம். லைசென்ஸ் அவளிடம் கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்தது. "என் ஸ்கூட்டர எடுத்துக்கக்கா" என்று நான் சொன்னதற்கு அத்தான், "பாறை ஏத்துக லாரி ஓடுத ரோடு மக்கா, ஸ்கூட்டர்ல எப்பிடி விடச் சொல்லுக?" என்றார். காரை எடுத்துக்கொண்டு போகட்டுமா? யாரு வேண்டாம்னா? ஆனால் புஷ் போயிருக்கிறது, ஸ்டியரிங் இழுக்கிறது, அதை மாற்றாமல் பெண்பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது?

புஷ் போயிருந்தது நிஜம். நானும் டொக்கைக் கேட்டேன். ஆனால் ஆர்ம் கழற்றிய வண்டி இரும்பு ஸ்டாண்டு மேல் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது. இந்த ஞாயிறு கடையில் சரக்கு வரும், அடுத்த ஞாயிறு ஒரு சாவு வீடு. பள்ளிக்கூடத்தில் இருந்து, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று ஃபோன் செய்துவிட்டார்கள். அம்மாவே போய் மருமகனிடம் கெஞ்சினாள். மாமியார் சொல்லைத் தட்டமாட்டார் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்கினார்.

நான் அன்று மத்தியானம் அங்கே போனேன். வண்டி இன்னும் ஸ்டாண்டில் தூக்கி நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில். அத்தான் அடியில் படுத்து ஸ்பேனரை முழு மூச்சோடு இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூப்பிட்டதும் போய் ஏறத் தயாராக.

"அத்தான், கனத்துக்கு நாங்க ஏறண்டாமா?" என்றேன்.

கை ஒரு நொடி நின்றது. "வேண்டாம் மக்கா. இது புது மாதிரி புஷ். இதுக்குக் கனம் தேவையில்ல." அப்புறம் அக்காவிடம், "நீ போயி நாளைக்கு உடுக்க சேலைய எடுத்து வையி பிள்ளே" என்றார்.

எவ்வளவு அருமையான புருஷன் என்று நினைத்துக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

அடுத்து வந்த மாதங்கள் பொய்யில்லை, அக்காவுக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்குப் போகிறவளோடு நானும் ஏறிக்கொண்டேன். காற்றுக் காலம், காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, வண்டியைக் காற்று ஓரத்துக்குத் தள்ளியது. அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கண்ணாடியை இறக்கினாள். நாகர்கோவில் தாண்டி ஒரு பஸ்காரன் இடித்துவிடுகிற மாதிரி முந்தினான். அக்கா தலையை வெளியே நீட்டி, "லேய், இது என்ன உனக்க அப்பன் போட்ட ரோடா?" என்று கத்தினாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது!

தை பிறந்தபோது டொக் திரும்ப வந்தது.

அத்தான் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கழற்றினார். புஷ்ஷின் ரப்பர் சுற்றி வரக் கிழிந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தமாகத் தலையை ஆட்டினார். "புது புஷ். இப்பிடிக் கிழிஞ்சிருக்கே. குழியில எறக்கி ஏத்தினா என்னதான் தாங்கும்? ஓட்டுத கை அப்பிடி. குத்தம் சொல்லல, பிள்ளைக்குப் பழக்கமில்ல." அவ்வளவுதான். சாவி சட்டைப் பைக்குள் போய்விட்டது. புதிய புஷ் எங்கேயும் ஸ்டாக் இல்லையாம். அக்கா விடியும் முன்னால் எழுந்து பஸ் மாறி ஓடினாள். தினமும் தாமதம். பள்ளிக்கூடத்தில் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று.

வேலை போன வாரமே புஷ் கிடைத்துவிட்டது. அதே கடை, அதே புஷ். நானே அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். அன்று பலாப் பலகையில் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு அத்தான் சத்தம் போட்டார்: "கனத்துக்கு ஆளு வாங்க!"

அக்கா போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஏறவில்லை. முற்றத்தில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் அம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டே விட்டேன். "அத்தான், இதே புஷ்ஷுக்கு அப்பம் கனம் தேவையில்லைன்னியளே. இப்பம் மட்டும் என்னத்துக்குத் தேவைப்பட்டு? தொங்கவிட்டு முறுக்கினா நாலு மாசத்துல கிழியும்னு நீங்கதான சொன்னது? வேணும்னுதான முறுக்கினீங்க?"

எல்லோர் கையும் நின்றது. அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"கொழுந்தியா சொல்லது சரிதான். அன்னைக்கு அவசரத்துல மறந்துபோயிருப்பேன். தப்பு எனக்கதான்."

கேஸ் குமிழைத் தொடாமல் ஒருநாளும் வெளியே கால் வைக்காத மனுஷன்! அது மறந்துபோயிற்றாம்!

"வாய மூடுட்டி மூதேவி," என்று அம்மா என் மேல் பாய்ந்தாள். "தப்பு எனக்கதான்னு சொல்லுத புருஷன் ஊருல எவளுக்குக் கெடைக்கும்?" அத்தான் அக்காவின் தட்டை இழுத்து, மீனில் முள் எடுக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் அக்காவைத்தான் என்னிடம் இருந்து பிரித்துவிடுவார் என்று தெரியும், அதையும் யாரு வேண்டாம்னா என்று கேட்டுக்கொண்டே செய்வார். ஒன்று மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தேன். கனம் வைத்து முறுக்கிய அந்தப் புஷ் அவர் கடை நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த நாள்வரை ஒரு சத்தமும் போடவில்லை. வருஷக்கணக்கில் தாங்கியது. அக்கா அதற்குள் பள்ளிக்கூடம் என்ற வார்த்தையையே விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கில் வந்தவர்களெல்லாம் தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன் என்று அழுதார்கள். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

போன மாதம் வண்டியை ஷெட்டில் இருந்து எடுத்தோம். சும்மா கிடந்ததில் ரப்பர் வெடித்து, பழைய டொக். தக்கலையில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறைப் பையனை அக்கா வீட்டுக்கே அழைத்து வந்தேன். புஷ் மாற்றினான். ஷெட்டில் கிடந்த அதே பலாப் பலகைகளை எடுத்துப் போட்டு, வண்டியை ஏற்றிவிட்டு, "யாராவது ரெண்டு பேரு ஏறி இருக்கியளா? கனம் வேணும்" என்றான்.

நான் அக்காவைப் பார்த்தேன். முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுந்து கையைத் துடைத்தாள். வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் ஏறினேன். என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, நான் அன்னைக்கு அம்மா வீட்டுல கேட்டது நெசம். அவரு வேணும்னேதான் தொங்கவிட்டு முறுக்கினாரு."

"தெரியும்ட்டி."

"எப்பம் தெரியும்?"

"அன்னைக்கே. வாசல்ல நின்னேன்லா. வேண்டாம்னு சொன்னாவ பாத்தியா, அப்பமே தெரிஞ்சாச்சு. எத்தன தடவ இந்த சீட்டுல இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன்க்கா வாயத் தொறக்கல? அப்பமே சொல்லியிருந்தா…"

"சொன்னா? கழத்தித் திரும்பப் போடணும்னு வண்டிய மறுபடியும் ஸ்டாண்டுல ஏத்துவாவ. திங்கக்கெழம போயிரும், வேலையும் போயிரும்." அவள் கண்ணாடி வழியாக முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலு மாசம் தாங்கும்னு அவியதான சொல்லித் தந்தாவ. நாலு மாசமாவது ஓட்டலாம்னு நெனச்சேன்."

பையன் வெளியே வந்துவிட்டான். "முடிஞ்சுது, ஓட்டிப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனான். சாவி வண்டியிலேயே தொங்கியது. கைக்கு எட்டும் தூரத்தில்.

"எடு அக்கா" என்றேன்.

அவள் அசையவில்லை. கை மடியிலேயே இருந்தது. குழாயில் பையன் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, முடிஞ்சாச்சு. எதுக்கு இன்னும் இப்பிடி இருக்க?"

"தட்டுத சத்தம் கேக்கலியேட்டி" என்றாள்.